இன்டெஞ்சருக்குள் ஒரு பல்: சொல்வேர் தேடும் இலவச அகராதிகள், மொரீஷியஸ் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்திறங்கிய போர்ட் லூயியின் ஆப்ரவாசி காட் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாலும் ‘இன்டெஞ்சர்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. 1834-ல் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த முறைக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் கிடைப்பது ஒரு பல். இலத்தீனில் ‘டென்ஸ்’, பிரெஞ்சில் ‘தான்’, பிரெஞ்சிலிருந்து பிறந்த இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘லேதான்’.

ஒரு ஆங்கிலச் சொல்லை இலத்தீன் வரை கொண்டுபோக இன்று காசு கொடுக்க வேண்டியதில்லை. எடிமான்லைன், பிரான்சின் சி.என்.ஆர்.டி.எல்., பெர்சியஸ் தளத்திலுள்ள லூயிஸ்–ஷார்ட் இலத்தீன் அகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் ஆகிய நான்கும் இலவசம், நான்கையும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் எதுவும் முழுத் தூரம் கூட வராது. எது எந்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறது என்று தெரிந்து மாறி ஏறுவதுதான் இந்த வேலையின் பாதி.

எடிமான்லைனில் தொடங்கலாம். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனி மனிதர் தொடங்கி வளர்த்த தளம் இது. தேடல் பெட்டியில் இன்டெஞ்சரைத் தட்டினால், 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, ஆங்கிலோ–பிரெஞ்சு ‘எண்டெஞ்சர்’ என்று வரும். கூடவே காரணமும் இருக்கும். ஒரே தோல் தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே ரம்பப்பல் போலக் கோணல்மாணலாக வெட்டி, ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வழக்கு வந்தால் இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் உண்மை. அங்கிருந்து ‘இன்டென்ட்’ பதிவுக்குத் தாவினால், இடைக்கால இலத்தீன் ‘இன்டென்டாரே’, அதற்குள் டென்ஸ். இரண்டு தட்டலில் வேலை முடிந்தது. இந்த வேகத்துக்காகவே முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

வாசிக்கத் தெரியாமல் வாசிப்பவர்கள் இங்கே மூன்று இடங்களில் வழுக்குகிறார்கள். முதலாவது, ஆண்டு. பதிவின் தலையில் இருக்கும் காலம் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் முதன்முதலாக அகப்பட்ட காலம், பிறந்த காலம் அல்ல. வாய்மொழியில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும். இரண்டாவது, நட்சத்திரக் குறி. அது வடிவத்தின் முன்னால் நின்றால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் இல்லை, அறிஞர்கள் கணக்குப் போட்டு மீட்டெடுத்தது என்று பொருள். மூன்றாவது, ‘ஒருவேளை’. ஒரே பதிவில் இரண்டு ‘ஒருவேளை’ அடுக்கி வந்தால் முதலாவதோடு நிற்பது நல்லது. பகத்தேல் என்ற பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும், வாரக் கடைசியில் கார் நிறுத்த இடம் கிடைக்காத கடைவளாகம். அந்தச் சொல் இத்தாலிய ‘பகதெல்லா’விலிருந்து வந்தது, அது உறுதி. அதற்குமேல் ‘பெர்ரிப் பழம்’ என்ற பொருளுள்ள இலத்தீன் ‘பாகா’வுக்குக் கொண்டுபோவது அனுமானம். கட்டுரையில் எழுதும்போது பலரும் அந்த ‘ஒருவேளை’யை வழியிலேயே தொலைத்துவிடுகிறார்கள்.

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே ஒரு பள்ளமும் இருக்கிறது. காரில் விழும் ‘டென்ட்’டுக்கும் பல்லுக்கும் பிறப்பில் உறவில்லை. அது ‘டின்ட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வட்டார வடிவம், பொருள் ‘அடி’. பின்னாளில் இன்டென்டின் நிழல் அதன் பொருள்மேல் விழுந்தது, அவ்வளவுதான். பிரெஞ்சில் பல்லுக்கு அதே நாலு எழுத்து என்பதால் இங்குள்ள மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். சொல் எழுத்தில் ஒத்திருப்பது சாட்சியம் ஆகாது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ஆதாரம் வேண்டும்.

எடிமான்லைனின் குறை, பிரெஞ்சுப் படியை அது ஒரே மூச்சில் தாண்டிவிடுவது. ‘பழைய பிரெஞ்சு இன்னது, இலத்தீன் இன்னது’ என்று அரை வரி. அந்தச் சொல் பிரெஞ்சில் எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் இருந்தது, எப்போது பொருள் திரும்பியது என்பதெல்லாம் கிடையாது. லண்டனில் இருப்பவருக்கு அந்த அரை வரி போதும். நாள் முழுக்கக் கிரியோலும் பிரெஞ்சும் பேசும் ஊரில் இருப்பவர்கள் அதோடு திருப்திப்படுவது, வாழைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு இலைக்குச் சந்தைக்குப் போவது போல.

அதனால் அடுத்து ஏற வேண்டியது சி.என்.ஆர்.டி.எல். நான்சி நகரிலிருந்து இயங்கும் தளம். 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்த பெரிய பிரெஞ்சு அகராதி முழுவதும் அதில் இருக்கிறது. பக்கத்தின் மேலே பல தாவல்கள் இருக்கும், ‘எதிமொலொஜி’ (சொற்பிறப்பு) என்பதை மட்டும் தொட்டால் போதும். தேட வேண்டிய சொல்லைக் கிரியோலிலிருந்தே எடுக்கலாம், கொஞ்சம் துடைத்துவிட்டு.

துடைப்பதற்குச் சில வழிகள். கிரியோல் பெயர்ச்சொல்லின் முகத்தில் பிரெஞ்சுச் சுட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ‘லகாஸ்’ என்பதில் ல-வைக் கழித்தால் ‘காஸ்’, இலத்தீன் ‘காசா’, குடிசை. ‘லொபிதால்’ என்பதிலும் அப்படியே. ‘ஸெபிஸ்’ என்பதில் முன்னால் இருக்கும் ஸ் பன்மைச் சுட்டின் வால், அதைக் கழித்தால் ‘எபிஸ்’. பிறகு எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். பிரெஞ்சில் உயிரெழுத்தின் தலையில் கூரைக் குறி இருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு ஸகரம் செத்திருக்கிறது. ஆங்கிலம் அதை உயிரோடு வைத்திருக்கும்: ஹாஸ்பிட்டல், ஃபாரஸ்ட், ஃபீஸ்ட். சொல்லின் தொடக்கத்தில் சாய்கோட்டோடு ‘எ’ வந்தால் அதைக் கழற்றி ஸகரம் வைத்துப் பாருங்கள்: எபிஸ், ஸ்பைஸ். எகோல், ஸ்கூல். ஸகர மெய்க்கூட்டத்தில் தொடங்கும் இலத்தீன் சொல்லுக்குப் பழைய பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் ஒரு உயிர் கொடுத்து ‘எஸ்கோல்’ என்றார்கள், பிறகு ஸகரம் போனது. நம் பாட்டிமார் ‘இஸ்கூல்’ என்றதும் இதே நாக்கின் வேலைதான்.

ஸெபிஸின் பொருள் போன பாதையும் பார்க்கத் தகுந்தது. மூலம் இலத்தீன் ‘ஸ்பெகியேஸ்’, தோற்றம், வகை. பிற்கால இலத்தீனில் அது ‘வகை வகையான வணிகப் பொருள்’ என்றாகி, அங்கிருந்து நறுமணப் பொருளாகச் சுருங்கியது. ‘வகை’ எப்படி மசாலா ஆகும் என்று ஆங்கில அகராதியைப் பார்ப்பவர் புருவத்தை உயர்த்துவார். கறிச்சரக்கு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாமும் ‘சரக்கு’ என்ற பொதுச்சொல்லைத்தான் மிளகு மல்லிக்கு வைத்திருக்கிறோம்.

சி.என்.ஆர்.டி.எல். பக்கம் சுருக்கக் குறிகளால் நிறைந்திருக்கும். பயந்து ஓட வேண்டாம், நாலு தெரிந்தால் போதும். ‘லத். கிளாஸ்.’ என்றால் சீரிய இலத்தீன். ‘லத். பாப்.’ என்றால் தெருவில் பேசிய இலத்தீன், இதோடு பெரும்பாலும் நட்சத்திரக் குறியும் வரும். ‘பா லத்.’ பிற்கால இலத்தீன். ‘எஃப்.ஆர்.க்யூ.’ என்று மூன்று எழுத்து வந்தால் அது பிராங்கு மொழி, ஜெர்மானியக் குடும்பம், அங்கேயே இலத்தீன் தேடலை மூடிவிடலாம். காலை வேளையில் ரொட்டிக்குள் வைத்துத் தின்னும் காத்தோ பிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பிமா’ இலத்தீன் ‘பிக்மென்டும்’, சாயப்பொருள். ஆங்கில ‘பிக்மென்ட்’ அதன் உடன்பிறப்பு. ‘காத்தோ’ பிராங்கு மொழி. ஒரு வடைக்குள் இரண்டு குடும்பம்.

‘லத். பாப்.’ என்ற குறியைக் கவனிக்காமல் விட்டால் வரும் சங்கடம் தனி. மான் வேட்டைக்கு இங்கே ‘லசாஸ்’ என்கிறோம். பிரெஞ்சு ‘ஷாஸே’ பதிவில் மூலம் ‘காப்தியாரே’ என்று இருக்கும், நட்சத்திரத்தோடு. அதை எடுத்துக்கொண்டு போய் இலத்தீன் அகராதியில் தேடினால் ஒன்றும் வராது. ஏட்டில் இல்லாத சொல் எப்படி வரும்? செய்ய வேண்டியது, அதன் அடியில் சொல்லியிருக்கும் ஏட்டு வடிவமான ‘காப்தாரே’க்குப் போவது. இதே சொல்தான் ஆங்கிலத்தில் இரண்டு முறை நுழைந்தது. நார்மண்டிக்காரர்கள் ககரத்தை மாற்றாமல் வைத்திருந்ததால் ‘கேட்ச்’, பாரிஸ் பக்கத்து உச்சரிப்பு வழியாக ‘சேஸ்’. கேட்டில், சாட்டல், கேப்பிட்டல் மூன்றும் ‘காபிடாலே’ என்ற ஒரே சொல்லின் மூன்று நுழைவுகள். முதலாவது நார்மன், இரண்டாவது பாரிஸ், மூன்றாவது நேராக இலத்தீன் ஏட்டிலிருந்து. இந்தக் கணக்கு ஒருமுறை பிடிபட்டால் ராயல்–ரீகல், ஃப்ரெய்ல்–ஃப்ராஜைல், பாய்சன்–போஷன் எல்லாம் ஜோடி ஜோடியாக அவிழும்.

ஆனால் தலைப்புச் சொல்லான இன்டெஞ்சருக்கு சி.என்.ஆர்.டி.எல். கைகொடுக்காது. தோட்டத்து ஒப்பந்தக் கூலிக்குப் பிரெஞ்சில் வேறு சொல், ‘அங்காஜே’. அதன் வேர் ‘காஜ்’, அடகு. மறுபடியும் அந்த எஃப்.ஆர்.க்யூ. குறி. ஆங்கிலத்தில் கூலியைக் குறிக்கும் ‘வேஜ்’ அதன் நெருங்கிய சொந்தம். ஃபிஜியிலும் நேட்டாலிலும் அதே ஒப்பந்தத்தைக் ‘கிர்மிட்’ என்றார்கள், ‘அக்ரிமென்ட்’ என்ற சொல் வாயில் உருண்டு வந்த வடிவம். அதன் மூலம் இலத்தீன் ‘கிராதும்’, மனசுக்குப் பிடித்தது. யார் மனசுக்கு என்று அகராதி சொல்வதில்லை.

மூன்றாவது கருவி லூயிஸ்–ஷார்ட். 1879-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் முழுமையாக இருக்கிறது. சிகாகோவின் லோகேயன் செயலியில் இதே அகராதி இன்னும் சீக்கிரம் திறக்கும். முதல்முறை வருபவர்கள் ‘சொல்லே இல்லை’ என்று திரும்பிவிடுவது இங்கேதான். காரணம் எளிது. எடிமான்லைன் வினையை ‘செய்ய’ என்ற வடிவில் தருகிறது, ‘காபெரே’. லூயிஸ்–ஷார்ட்டின் தலைச்சொல் ‘நான் செய்கிறேன்’ என்ற தன்மை ஒருமை, ‘காபியோ’. ‘விடேரே’ இருக்காது, ‘விடியோ’ இருக்கும். ‘ஆடிரே’ இருக்காது, ‘ஆடியோ’ இருக்கும். வீடியோ, ஆடியோ என்று நாம் தினம் சொல்வது ‘பார்க்கிறேன்’, ‘கேட்கிறேன்’ என்ற முழு வாக்கியங்கள். வடிவம் தெரியாவிட்டால் பெர்சியஸின் சொற்பகுப்புக் கருவியில் போடுங்கள், எந்தத் தலைச்சொல் என்று அதுவே காட்டும்.

பெயர்ச்சொல்லிலும் இதே தொந்தரவு. பிரெஞ்சுச் சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து பிறந்தவை, அதனால் சி.என்.ஆர்.டி.எல். ‘டென்டெம்’, ‘நோக்டெம்’, ‘ரேகெம்’ என்று எழுதும். இலத்தீன் அகராதியிலோ எழுவாய் வடிவம்தான் தலைச்சொல். ‘எம்’ விகுதியைக் கழித்து ஸகரம் சேர்த்தால் வந்துவிடும்: டென்ஸ், நோக்ஸ், ரேக்ஸ். மரம், மரத்தை என்று அடி மாறுவதைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதல்ல.

குறில் நெடில் விஷயத்தில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு படி முன்னிலை. ‘மலும்’ குறிலானால் தீமை, ‘மாலும்’ நெடிலானால் ஆப்பிள். ‘பொபுலுஸ்’ மக்கள், ‘போபுலுஸ்’ ஒரு மரம். தேடல் பெட்டிக்குக் குறில் நெடில் தெரியாது, இரண்டையும் கொட்டும். எழுத்தின் மேல் நேர்கோடு இருப்பது நெடில், கிண்ணம் போல வளைவு இருப்பது குறில். பதிவுக்குள் நுழையுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

லூயிஸ்–ஷார்ட் உண்மையில் விலைமதிப்பாவது வினையின் முக்கிய அடிகளை ஒரே வரியில் தருவதால். ‘காபியோ’வைப் பாருங்கள்: காபியோ, கேபி, கப்தும். கூட்டுச்சொல்லுக்குள் போனதும் முதல் அகரம் மெலியும். திறந்த அசையில் இகரம், மூடிய அசையில் எகரம்: ரெகிபியோ, ரெகெப்தும். இந்த ஒரு விதி தெரிந்தால் ரெசிபியன்ட், ரிசெப்ஷன், கேப்டிவ் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். ‘ரிசீவ்’ மட்டும் பிரெஞ்சு ‘ரெசெவ்வார்’ வழியாக முகம் மாறி வந்தது. சமையல் ‘ரெசிபி’ மருத்துவர் சீட்டின் முதல் சொல், ‘எடுத்துக்கொள்’ என்ற ஏவல் வினை. ‘ரிசீட்’டில் ஒலிக்காத ‘பி’ எழுத்து, இலத்தீன் படித்தவர்கள் மூலத்தைக் காட்டப் பின்னால் செருகியது. கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் வரும் ஊமை ‘பி’யும் அப்படியே, கிரியோலில் ‘தெத்’ என்று எழுதும்போது அந்தச் சுமை இல்லை. ‘ஐலண்ட்’டின் ஊமை ஸகரம் இன்னும் மோசம். அது இலத்தீன் ‘இன்சுலா’விலிருந்து வந்த சொல்லே அல்ல, பழைய ஆங்கிலச் சொல். ‘ஐல்’ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து யாரோ ஒட்டவைத்துவிட்டார்கள்.

பொருளுக்கு லூயிஸ்–ஷார்ட்டை நம்பலாம், வேருக்கு நம்ப வேண்டாம். 1879-க்குப் பிறகு அந்தத் துறை எவ்வளவோ நகர்ந்துவிட்டது. நல்ல உதாரணம் ‘சாலரி’. ‘சலாரியும்’ என்றால் படைவீரருக்கு உப்பு வாங்கக் கொடுத்த பணம் என்று இந்த அகராதி தயங்காமல் எழுதுகிறது. உப்பைக் குறிக்கும் ‘சால்’ அந்தச் சொல்லில் இருப்பது உண்மை. ஆனால் பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் ‘இயற்கை வரலாறு’ நூலின் 31-ஆம் பகுதியில் சொல்வது, உப்போடு தொடர்புபடுத்தி அப்பெயர் வந்தது என்ற அளவில்தான். வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று எந்தப் பழைய ஆசிரியரும் எழுதவில்லை. நம் பக்கத்திலும் இதற்கு ஜோடியாக ஒரு கதை உலவுகிறது: சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம். இரண்டு கதையையும் அக்கம்பக்கமாக வைத்து மேடையில் பேசினால் கைதட்டு நிச்சயம். எழுதுமுன் இரண்டுக்கும் தனித்தனியாகச் சான்று கேட்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த மூன்று அகராதிகளும் சேர்ந்து ஏமாற்றம் தருவது, சொல் நம் கடற்கரையைத் தொடும்போது. ‘சாண்டல்’ மரத்தைத் தேடுங்கள் (காலணிச் சாண்டல் வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்). இடைக்கால இலத்தீன் ‘சந்தாலும்’, கிரேக்கம், அதற்குப் பின்னால் சமஸ்கிருத ‘சந்தனம்’ என்று வரும். அதை ஒளிரும் பொருளுள்ள வேரோடு சேர்த்து, இலத்தீன் ‘காந்தேரே’, கேண்டில், வெள்ளாடை உடுத்திய ரோமானிய வேட்பாளரைக் குறித்த ‘கேண்டிடேட்’ எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டுவதும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மொழியறிஞர் டி. பர்ரோ சந்தனத்தைத் திராவிடச் சொல்லாகவே கண்டார். சாத்துதல், சாந்து என்று பூசுவதைக் குறிக்கும் சொற்கூட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்து அகராதியில் மட்டும் தேடுபவருக்கு இந்தத் தரப்பு இருப்பதே தெரியாமல் போகலாம்.

இதற்கு நான்காவது கருவி வேண்டும். சிகாகோ தளத்தில் பர்ரோ–எமனோவின் திராவிட வேர்ச்சொல் அகராதியும் (இரண்டாம் பதிப்பு 1984), சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இருக்கின்றன. வேர்ச்சொல் அகராதியில் தேட ரோமன் எழுத்து வேண்டும், அதில் சகரத்துக்கு ஆங்கில ‘ஸி’. ‘எஸ்’ போட்டால் சாந்து கிடைக்காது.

சொந்தம் கொண்டாடுவதிலும் நிதானம் தேவை. ‘திரி’ என்று கிரியோலில் சொல்லும் அரிசி, பிரெஞ்சு, இத்தாலியம், இலத்தீன், கிரேக்க ‘ஒருஸா’ வரை தடையில்லாமல் போகும். உடனே ‘அரிசிதான்’ என்று முடித்துவிடுகிறோம். கிழக்கு ஈரானிய மொழிகளில் ‘வ்ரிஷே’ போன்ற வடிவங்கள் இருக்கின்றன, சமஸ்கிருதத்தில் ‘வ்ரீஹி’. அந்த வகரத்துக்குக் கணக்குச் சொல்லாமல் கப்பலை நேராக முசிறியிலிருந்து ஓட்ட முடியாது. சர்க்கரையின் பாதை அதைவிடத் தெளிவு. ‘சுகர்’ அரபு ‘சுக்கர்’ வழி. ‘சாக்கரின்’ கிரேக்க–இலத்தீன் வழி. ‘ஜாகரி’ மேற்குக் கடற்கரையில் போர்ச்சுகீசியர் வழி. மூன்றும் கடைசியில் ‘சர்க்கரா’வில் சேரும், அதன் முதற்பொருள் பரல், சரளைக் கல். கரும்பால் வளர்ந்த தீவில் இந்த ஒரு சொல்லை வைத்தே நாலு கருவிகளையும் பழகலாம்.

விக்கி அகராதியை வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் திருத்தலாம் என்பதால் அதில் கண்டதை மற்ற இடத்தில் ஒத்துப் பார்க்காமல் எடுத்தெழுத வேண்டாம். பெரிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எல்லாவற்றையும்விட ஆழம், ஆனால் சந்தா கட்ட வேண்டும். பள்ளி அளவுக்கு அது தேவைப்படாது.

கடைசியாக ஒரு சோதனைச் சொல், பாம்ப்ளமூஸ். தோட்டத்துக்குப் பேர்போன அந்த ஊரின் பெயரை நாலு கருவியிலும் போட்டுப் பாருங்கள். பிரெஞ்சுக்கு அது டச்சு ‘பொம்பெல்மூஸ்’ வழியாக வந்தது, அதுவரை சண்டை இல்லை. அதற்கு மேலே ஒரு கட்சி டச்சுக்குள்ளேயே ‘உப்பலான எலுமிச்சை’ என்று பிரிக்கிறது, இன்னொரு கட்சி நம் பம்பளிமாஸைக் காட்டுகிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் நெடுங்காலம் கடை விரித்திருந்தார்கள். சொல் அங்கிருந்து கப்பலேறியதா, அங்கே இறங்கியதா என்பதற்கு ஒலி ஒற்றுமை மட்டும் பதிலாகாது. குறிப்பேட்டில் ‘டச்சு’ என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.